உப்புக்குக் காவல்

மார்ச் 3

நீ கேட்டது எந்த வருஷம் என்று எனக்கு எண்ணில் சொல்லத் தெரியாது மகளே. ஆலையின் பெரிய புகைபோக்கியில் இடி விழுந்து, மேல்பாதி கழன்று சாயப்பட்டறைக் கூரைமேல் உட்கார்ந்த வருஷம் அது. ஆற்றுப் பாலத்தைத் திறந்ததும், திறந்த மூன்றாம் நாளே அதன்மேல் முதல் பேருந்து பழுதாகி நின்று எல்லோரும் சேர்ந்து தள்ளியதும் அதே வருஷம்தான். அந்த வருஷத்தில்தான் என் அக்கா, உனக்கு அத்தை முறை, பதிமூன்று முடிந்து பதினாலு நடக்கும்போது போனாள்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். இங்கே நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் அங்கங்கே உட்கார்ந்துகொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுவும் எப்படி? வாலுவின் கை முறுக்கல் குறைந்ததா?

இதை எழுதுவது செராக்ஸ் கடைத் தங்கச்சிதான். நான் பேசுகிறபடி எழுதாதே, அச்சில் வருகிறபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப நீங்களும் அச்சுல வர்ற மாதிரி நின்னு நிதானமாப் பேசுங்கண்ணே, கை கழண்டுடும்" என்கிறாள். உன் கடிதத்தை அவள்தான் என் காதில் கத்திப் படித்தாள். தறிக்கூடத்து வாசலில் நாற்பது வருஷம் காவல் நின்ற காது. எனக்குக் கேட்பதற்குள் தெருவுக்குக் கேட்டுவிடும்.

வாலுவைப் பார்க்கும் டாக்டரம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அக்காவுக்கு ஐந்து வயதிலேயே நாக்கில் பால் ஆடை படிந்தது போல் வெள்ளை. வழித்தால் ரத்தம் வரும். நகமெல்லாம் சொத்தை. எட்டு வயதுக்கு மேல் கை உள்பக்கம் மடங்கி, விரல்கள் ஐந்தும் கூம்பிக்கொள்ளும். பிரித்துவிட இரண்டு ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு மெலிந்தாள். ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டே நாள்.

எனக்குக் கீழே ஓர் ஆண் குழந்தை, ஏழு மாதத்தில் போனது. அது பேதி. அதற்கும் கீழே உன் அப்பா. அவனுக்கும் எனக்கும் ஒன்றும் வரவில்லை.

உறவில் கல்யாணமா என்று கேட்டார்களாமே. என் அம்மாவும் அப்பாவும் உறவு. மாப்பிள்ளை என் சின்னம்மாவின் மகள் வயிற்றுப் பேரன். அந்த வரனைப் பார்த்து முடித்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

பெரியப்பா


ஏப்ரல் 8

பெரியப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தங்கச்சியிடம் சொல்லுங்கள், கத்துவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லி.

மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு மணிநேரம் உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "கார்மெண்ட்ஸ்ல செக்கிங் மேடம்" என்றேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்.

உடம்புக்குள் ஒவ்வொரு புரதத்துக்கும் ஓர் அளவு அட்டை இருக்கிறது. அதுதான் மரபணு. அதில் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டாலும் மற்றதை வைத்து வெட்டித் தைத்து ஓட்டிவிடலாம். எனக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேருக்கும் தெரியாமலே. வாலுவுக்குக் கெட்ட பிரதி இரண்டும் சேர்ந்து போய்விட்டன. மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. ஆனால் அந்த இடத்தில் "இதோடு நிறுத்து" என்று ஆகிவிட்டது. கை வைக்காமல் பாதியில் நிறுத்திய சட்டை எதற்கு ஆகும்? அந்தப் புரதம் அப்படித்தான் வருகிறதாம்.

அதன் வேலை என்ன தெரியுமா? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. நோயோடு சண்டை போடும் செல்கள் அங்கேதான் பழகி வெளியே போகின்றன. உடம்பின் மூலைமுடுக்கில் இருக்கும் பொருள்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அங்கேயே செய்யவைத்து, "பாத்துக்கோ, இது நம்ம ஆளு" என்று புதியவர்களுக்குக் காட்டுவது அந்தப் புரதம். காட்டும்போதே பாய்கிற செல்லை அங்கேயே முடித்துவிடுவார்கள். வாலுவுக்குக் காட்டுவதற்கு ஆள் இல்லை. பாய்கிறதெல்லாம் வெளியே வந்துவிட்டது. கழுத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கவனிக்கும் சின்னச் சுரப்பிகளை அழித்துவிட்டது. கை முறுக்கல் அதனால்தான். வாயில் வரும் பூஞ்சையை எதிர்க்கிறவற்றையும் தடுத்துவிட்டது. நாக்கில் வெள்ளை அதனால்தான்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. புதுக் காவலாளிகளை ஆலை முழுக்கச் சுற்றிக் காட்டுவீர்களே, வாலுவிடம் அதை வைத்துத்தான் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப எனக்குள்ள பெரிய தாத்தா இல்லையாம்மா?" என்றாள். உங்கள் மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்க்கும் சாமான் பையை எடுத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாவதுபோல் வெளியே போய்விட்டார். அன்று அவருக்கு விடுமுறை.

அட்டையைத் திருத்த மருந்து இல்லை. எந்தச் சுரப்பி போகிறதோ அதன் வேலையை மாத்திரை செய்யும். ஆனால் போவது முன்னாலேயே தெரிய வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாலுவின் அண்ணன், நம் பெரியவன், இதில்தான் போனான் என்று டாக்டரம்மா நினைக்கிறார். சோதித்துப் பார்க்க அவன் இல்லை. வாலுவுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியைப் போன மாதம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். குடும்பத்தில் அது யாருக்காவது எந்த வயதில் போனது என்று தெரிந்தால் நெருக்கி நெருக்கிப் பார்க்கலாமாம்.

அதற்காக ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். உங்களுக்கானதை அப்படியே எழுதுகிறேன். இறந்தவரின் மேனி நிறம் கடைசிக் காலத்தில் மாறியதா? உணவில் விநோதமான ஆசை ஏதேனும் இருந்ததா?

யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி.

உங்கள் மகள்


ஏப்ரல் 17

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒத்தடம் கொடுக்கிறேன். மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை தங்கச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிகிறது. மற்றவர்களைவிட எனக்கு நன்றாகவே புரியும். புதிதாக எடுத்தவனுக்கு நான் தடியும் சட்டையும் உடனே தரமாட்டேன். பதினைந்து நாள் என் பின்னால் வர வேண்டும். பஞ்சுக் கிடங்கு, நூற்பு, தறி, சாயம், பாய்லர். கிடங்கில் இருப்பவன் தலையெல்லாம் வெள்ளையாக வருவான். சாயக்காரன் முழங்கை வரை நீலமாக வருவான். இவன் நம்ம ஆள், இவளும் நம்ம ஆள் என்று காட்டிக்கொண்டே போவேன். காட்டும்போதே சீறுகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். எழுத்துத் தெரியாதவனுக்கு முகம்தான் எழுத்து.

ஒரு வருஷம் எனக்கு டைபாய்டு. குமாஸ்தா அவசரத்தில் புது ஆள் ஆறு பேருக்கு ஒரே நாளில் தடியைக் கொடுத்துவிட்டார். பாய்லர்காரர் எப்போதும் பின்வாசல் வழியாக, உடம்பெல்லாம் கரியோடு வருவார். "எவன்டா நீ, பூந்து வர்ற?" என்று பிடித்து அடித்துக் கையை உடைத்துவிட்டார்கள். பாய்லர் குளிர்ந்தது. நானூறு தறி மூன்று நாள் நின்றது. படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த ஆறு பேரும் கெட்டவர்கள் இல்லை மகளே. வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். காட்ட வேண்டியவன் படுத்துக்கிடந்தான்.

வாலுவிடம் சொல், அவளுக்குள் பெரிய தாத்தா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று.

கேள்வித்தாளுக்குப் பதில். நிறம் நினைவில்லை. சாப்பாட்டு விஷயம் எனக்குத் தெரியாது, அடுப்படிப் பக்கம் நான் போனதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளை உயரத்தில் வேலை செய்கிறவர், மனசு எங்கேயோ இருக்க ஏறக் கூடாது என்று சொல்.

பெரியப்பா

(அக்கா, இது எழுதுகிற நான். அவருக்குத் தெரியாமல் இரண்டு வரி. முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டைத் தாண்டியவன் என்ன செருப்புப் போட்டிருந்தான் என்று சொல்கிற மனுஷன் இவர். "நினைவில்லை" என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.)


ஜூன் 11

பெரியப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர், ஓவர்டைம். வீட்டுக்கு வந்தால் வாலு படுத்திருக்கிறாள். சுண்ணாம்பு மாத்திரையில் கை முறுக்கல் குறைந்திருக்கிறது, அது ஒரு நிம்மதி. ஆனால் ஆளே துவண்டு கிடக்கிறாள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறாள். அடுத்த பரிசோதனை செப்டம்பரில்தான்.

தங்கச்சி எழுதிய இரண்டு வரியைப் பார்த்தேன். வயதாகிறது, மறதி வராமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே இருந்தும் கறுத்துப்போய்விட்டாள். பக்கத்து வீட்டம்மா, "எந்த வயல்ல வேலைக்கு அனுப்புற?" என்று கேட்கிறாள். அண்ணன் பழக்கம் இவளுக்கும் தொற்றிக்கொண்டது. உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்குகிறாள். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டப்பாவைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அதற்கு ஒரு சண்டை, "நீ ஒரு உப்புப் போலீஸ்" என்கிறாள். நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல்.

மழை வருமா அங்கே?

உங்கள் மகள்


ஜூன் 15

மகளே,

இந்தக் கடிதம் வருவதற்குள் போனில் நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் உன் பதில் கேட்கவில்லை. "உப்பைக் குடு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்று எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. தங்கச்சி போனைப் பிடுங்கி, "அக்கா ஏன்னு கேக்குறாங்கண்ணே" என்றாள். கடிதத்தில் சொல்கிறேன், முதலில் கிளம்பச் சொல் என்றேன்.

இப்போது தங்கச்சி கடையின் ஷட்டரை இறக்கிவிட்டாள். என் குரல் எனக்கே கேட்காததால் நான் சொல்வதெல்லாம் தெருவுக்குப் போகும். இது தெருவுக்கு வேண்டாம்.

அக்கா கறுத்தாள். கழுத்து, முழங்கை மடிப்பு, உள்ளங்கை ரேகை எல்லாம் மை தடவியது போல் ஆயிற்று. அதே சமயத்தில் உப்பு தின்ன ஆரம்பித்தாள். ஒரு வைத்தியர் வந்து பார்த்தார். "உப்புதான் ரத்தத்தைக் கருக்குது. ஒரு கல்லுகூடக் கண்ணுல காட்டாதீங்க" என்றார். உப்பு தின்பதால் கறுக்கிறாள் என்று நாங்கள் நம்பினோம். இரண்டுமே வேறெதாலோ வருகிறது என்று யாருக்குத் தோன்றும்? அம்மா உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினாள். ஏணியை எடுத்து என் பக்கத்தில் போட்டு, "உங்கக்கா கிட்ட வராம நீ பாத்துக்க. நீதான் காவல்" என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆலைக்கு முன்னால் நான் பார்த்த முதல் காவல் வேலை அதுதான்.

நன்றாகப் பார்த்தேன். அவள் கெஞ்சினாள். "ஒரே ஒரு கல்லுடா. சும்மா வாயில வச்சுக்கிறேன்." தரவில்லை. ஒருநாள் நான் ஓடி விளையாடிவிட்டு வேர்த்து வந்து உட்கார்ந்தபோது, என் கையைப் பிடித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நக்கினாள். சீ என்று அறைந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "இப்படித்தான் இருக்கணும்" என்று முதுகைத் தட்டினாள். அதற்கடுத்த வாரம் காய்ச்சல். வாந்தி. எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள்.

ஏப்ரலில் நீ கேட்டாய். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. டாக்டரம்மா தாளில் எழுதிக்கொள்வார், பத்துப் பேர் படிப்பார்கள், அக்காவிடமிருந்து உப்பைப் பிடுங்கியவன் என்று என்னைச் சொல்வார்கள் என்று பயந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகு எதற்கு பயம்? இருந்தது.

வாலு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போடு. ஒரு சொல் போதும்.

பெரியப்பா


ஜூலை 2

பெரியப்பா,

வாலு இருக்கிறாள்.

நீங்கள் போன் செய்த அன்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனோம். காத்திருக்கும் இடத்திலேயே வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டாள். ரத்த அழுத்தம் கருவிக்குப் பிடிபடவே இல்லை. ஊசி போட்டு, உப்புத் தண்ணீர் ஏற்றி, மூன்று நாள் கழித்துக் கண்ணைத் திறந்தாள். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி ஏறக்குறைய முழுவதுமே போய்விட்டதாம். உடம்பில் உப்பை நிறுத்திவைப்பது அதுதான். உப்பு வெளியே ஓடுவதால்தான் நாக்கு அதைத் தேடுகிறது. கேள்வித்தாளில் கேட்டது இதைத்தானாம்; மார்ச்சில் அந்தச் சுரப்பி சரி என்று சொன்னதால் எனக்கு உறைக்கவில்லை. "ஒரு நாள் தாமதமாயிருந்தா?" என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

இனிமேல் ஆயுசு முழுக்க மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு. ஒரு வேளை தவறினாலும் மறுபடி இதே கதி. அடுத்து எந்தச் சுரப்பியை அது தேடிப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். அத்தைக்காக அழுதேன். படித்து முடித்த பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

பெரியவன் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் மாடு மாதிரி உப்பை நக்குகிறான், டப்பாவுக்குப் பூட்டுப் போட வேண்டும்போல என்று வேடிக்கையாக எழுதியிருந்தேன். நீங்கள் பதில் போட்டீர்கள். அதில் எல்லாம் இருந்தது. உப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வரி உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.


ஜூலை 9

மகளே,

விழுந்தது.

அது அக்காவின் நோய்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்யத்தான் நினைத்தேன். தங்கச்சி எழுதப் போனாள், கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்த வரி காதில் விழுந்ததும் என் முழங்கையில் நாக்கு பட்டது மகளே. ஈரமாகவே பட்டது. அப்படியிருக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? அதை மேலே கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா

(அக்கா, அன்று அந்தக் கடிதத்தைப் படித்தவளும் நான்தான். உப்பு வரி வந்ததும், "போதும், மடி" என்றார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை.)


ஆகஸ்ட் 21

மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதச் சொல்லவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை.

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. தினமும் பத்து மணிக்குத் தபால் நிலையத்துப் படியில் போய் உட்காருகிறேன். தபால் கொடுக்கும் பெண், "என்ன பெரியவரே, லவ் லெட்டரா?" என்கிறாள். காது கேட்காவிட்டாலும் உதட்டில் தெரிகிறது. சிரித்து வைக்கிறேன். தங்கச்சி உன் எண்ணுக்குப் போன் போட்டாள், நீ எடுக்கவில்லை.

என்னிடம் பேச வேண்டாம். வாலு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு வெறும் கார்டு போடு. அதில் ஒன்றும் எழுதாதே. வெறும் கார்டு வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுத்துத் தெரியாதவனுக்கு அதுவே அதிகம்.

மாப்பிள்ளையின் தங்கை குழந்தைகள், என் சின்னம்மா வழியில் வந்த மற்றவர்கள், எல்லோருடைய பெயரும் முறையும் தங்கச்சியிடம் சொல்லித் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு பேர். யாருக்கு நாக்கு வெள்ளை, யாருக்கு நகம் சொத்தை, யார் சின்ன வயதில் போனது, எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கொடு. என்மேல் இருக்கும் கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்துவிடாதே.

பெரியப்பா


செப்டம்பர் 9

பெரியப்பாவுக்கு,

வெறும் கார்டு வாங்கத்தான் போனேன். கவுண்டரில் நின்று, அதை உங்கள் காதில் எப்படிக் கத்திப் படிப்பாள் அந்தத் தங்கச்சி என்று நினைத்தேன். கடித உறை வாங்கி வந்துவிட்டேன்.

வாலு மாத்திரை சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் சளிக்காய்ச்சல், இரண்டு பங்கு கொடுத்தோம், தாங்கிவிட்டாள். முடி ஒரு பக்கம் கொட்டுகிறது, அதுவும் இதே நோய்தானாம். தினமும் காலையில் அவள் உள்ளங்கை ரேகையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். தொழிற்சாலையில் இரண்டு தடவை கிழிசல் துணியைத் தவறவிட்டேன். சூப்பர்வைசர், "கண்ணு எங்கே இருக்கு?" என்கிறார். எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

தாளை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அதில் இருந்த ஒரு நாலு வயதுக் குழந்தையைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்கும் இருக்கிறது. முன்னாலேயே தெரிந்துவிட்டது.

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை. பெரியவனின் சட்டையை மடிக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. அட்டையில் மாறிய ஓர் எழுத்தை உலுக்க முடியுமா? அந்த வைத்தியர் எங்கே? உங்கள் அம்மா எங்கே? என் அப்பா அந்த வீட்டில்தானே இருந்தார், அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் யார்மேல் கோபப்படுவது? சொல்லுங்கள் பெரியப்பா. உங்களுக்குத்தான் எல்லோரையும் நினைவிருக்குமே.

மகள்


செப்டம்பர் 15

அன்பு மகளுக்கு,

நீ நலம், குழந்தை நலம் என்று தங்கச்சி கத்தினாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தட்டும். இந்தத் தடவை ஷட்டரை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒவ்வொருவராகச் சொல்கிறேன். விட்டுப்போகாது.

அந்த வைத்தியர், ஆலையில் முதல் வேலைநிறுத்தம் நடந்த வருஷமே போய்விட்டார். இடது கண் பூவிழுந்தவர். மோசக்காரர் இல்லை, தன் குழந்தைக்கும் அதே மருந்தைத்தான் கொடுத்தார். அவர்மேல் கோபப்பட அவர் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி, "குடுத்துத் தொலையேன்டி, கண்ணால பாக்க முடியல" என்று அம்மாவிடம் ஒருநாள் சண்டைக்கு வந்தாள். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அவளும் இல்லை.

அப்பா, அதுதான் உன் தாத்தா, சுழற்சி வேலையில் இருந்தார். வீட்டில் நடப்பது பாதி அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது பரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் போய் நாற்பத்தாறு வருஷம்.

அம்மா, அக்கா போன அன்றிலிருந்து தன் தட்டில் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷம். எங்களுக்குச் சமைத்ததில் உப்பு இருக்கும், தனக்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடுவாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள்மேல் நீ கோபப்பட முடியாது, அதையும் அவளே பட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உன் அப்பா. அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அவனுக்கு அப்போது ஐந்து வயது. அக்கா விழுவதற்கு முந்தின நாள் எங்கிருந்தோ கொஞ்சம் உப்பு கொண்டுவந்தான். கடையில் கேட்டு வாங்கினானோ, யார் வீட்டில் எடுத்தானோ. கையை மூடிக்கொண்டு அவள் பாயை நோக்கிப் போனான். நான் பிடித்தேன். விரல் விரலாகப் பிரித்தேன். வேர்வையில் பாதி கரைந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. தட்டிவிட்டேன். "அக்காவுக்குடா, அக்காவுக்கு" என்று அழுதான். அவன் தன் காலம் முழுவதும் அதை உன்னிடம் சொல்லாமல் போனது உப்புக்காக இல்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். எனக்கு இப்போதுதான் அது உறைக்கிறது. உன் அப்பன்மேல் கோபப்படாதே. அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் சரியாக நடந்துகொண்டான்.

அவ்வளவு பேர்தான் மகளே. இன்னும் ஓர் ஆள் இருக்கிறது. முன்வாசல் சாத்துவதில்லை. காது கேட்காது, ஆனால் நீ நேரில் வந்து முகத்துக்கு முன்னால் நின்று திட்டினால் உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்ளும். வாலுவை அழைத்து வராதே, அலைச்சல் ஆகாது. நீ மட்டும் வா. நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். அக்காவைக் காவல் காத்தவர்களில், பெரியவனைப் பற்றி நீ எழுதியதைக் காதால் கேட்டவர்களில், உன் கோபம் போய்ச் சேர உயிரோடு மிஞ்சியிருப்பது ஒரே ஆள், உன் பெரியப்பா.